நிறுத்தும் யந்திரம்

மோட்டார் சைக்கிள் ஒன்றை விலை பேச வருகிறவர் அதன் எஞ்சின் எத்தனை குதிரைச் சக்தி உடையது என்று கேட்பார்; ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பார்; அதன் பிரேக்குக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்டவரை நான் கண்டதில்லை. கேட்டிருந்தால் கிடைக்கும் விடை அவரைத் திகைக்க வைத்திருக்கும். சென்னைத் திருவொற்றியூரில் பல ஆண்டுகள் தயாராகி வந்த 350 சி.சி. புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டரின் உண்மையான கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். அதன் எஞ்சின் மூச்சைப் பிடித்து உழைத்தாலும் 18 குதிரைச் சக்திக்கு மேல் தராது. வண்டியும், ஓட்டுகிறவரும், பின்னால் கட்டிய மூட்டையும் சேர்ந்து 250 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் திரளிடம் ஏறக்குறைய 62,000 ஜூல் இயக்கச் சக்தி குடிகொண்டிருக்கும். எதிரே ஒரு மாடு குறுக்கிட, நல்ல உலர்ந்த சாலையில் புவியீர்ப்பின் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு வேகத்தைக் குறைத்து நிறுத்துகிறோம் என்றால், அவ்வளவு சக்தியும் மூன்றேகால் விநாடிக்குள், 36 மீட்டர் தூரத்துக்குள், வெப்பமாக மாறித் தீர வேண்டும். பிரேக்கைப் பிடித்த முதற் கணத்தில் அது உண்ணும் சக்தியைக் கணக்கிட்டால் 51 குதிரைச் சக்திக்குக் குறையவில்லை. எஞ்சின் மெல்ல மெல்ல உழைத்துச் சேர்த்ததைச் சில விநாடிகளில் செலவழித்துவிட வேண்டிய இந்த யந்திரம், எஞ்சினைப்போல் மூன்று மடங்கு வலிமை உடையதாக இருக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் பழைய வண்டியைப் புதுப்பிக்க முனைகிறவர்களில் பெரும்பாலோர் பிஸ்டனுக்கும் கார்புரேட்டருக்கும் பெட்ரோல் டாங்கியின் பொன்கோடுகளுக்கும் செலவிடும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இதற்குத் தருவதில்லை.

இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து 1949-இல் விற்பனைக்கு வந்த புல்லட்டின் முன்சக்கரத்தில் 6 அங்குல விட்டமுள்ள டிரம் பிரேக் இருந்தது. நம் ராணுவத்தின் எல்லைக் காவலுக்கு இந்த வண்டி தேர்ந்தெடுக்கப்பட்டதையொட்டி, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் கம்பெனியும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை நிறுவியபோது, அச்சுகளோடும் வரைபடங்களோடும் அந்தக் காலத்துப் பிரேக் சாஸ்திரமும் சென்னைக்குக் கப்பலேறி வந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்ட பிறகும் வண்டி இங்கே உயிரோடிருந்தது. பிற்காலத்தில் டிரம் 7 அங்குலமாயிற்று. அதற்கும் பிறகு இரட்டை லீடிங் ஷூ வந்தது. கடைசியில் எலெக்ட்ரா போன்ற மாதிரிகளில் 280 மில்லிமீட்டர் டிஸ்க் வந்து சேர்ந்தது. ஆகையால் இந்த ஒரே குடும்பத்து வண்டிகளின் முன்சக்கரங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பிரேக் விஞ்ஞானத்தின் சரித்திரத்தையே கண்ணால் படித்துவிடலாம். பழைய வண்டியைக் கழற்றி மாட்டுகிறவருக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு: பிந்திய தலைமுறையின் உறுப்பு முந்தியதன் உடம்பில் பெரும்பாலும் சிறிய மாற்றங்களோடு பொருந்திவிடும். அதனாலேயே புதுப்பேட்டைக் கடைகளில் ஏறி இறங்கி, எதை வாங்கி எதில் மாட்டலாம் என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிடுகிறவர்கள் ஏராளம். எதை மாற்றினால் எது மாறும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில், முன்சக்கரத்துக்கு மட்டும் ஏன் இந்த விசேஷ மரியாதை? வண்டியின் வேகத்தைத் தடுக்கும் விசை டயர் தரையைத் தொடும் இடத்தில் பிறக்கிறது. வண்டியின் கனமோ தரைக்கு மேலே இரண்டடி உயரத்தில் எங்கோ ஓரிடத்தில் திரண்டிருக்கிறது. கீழே தடுத்து மேலே தள்ளினால் எந்தப் பொருளும் முன்னால் கவிழப் பார்க்கும். புல்லட்டின் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் 1,370 மில்லிமீட்டர். கனத்தின் மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் என்று கொண்டால், நாம் மேலே சொன்ன கடும் நிறுத்தத்தில் ஏறத்தாழ 83 கிலோகிராம் பாரம் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். நின்றிருக்கையில் 115-ம் 135-ம் ஆக இருந்த பங்கீடு, நிறுத்தும்போது 198-ம் 52-ம் ஆகிவிடும். பாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிடிப்பும் இருக்கும்; ஆகவே நிறுத்தும் வேலையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானது முன்சக்கரத்தின் தலையில் விடிகிறது. முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று பயந்து, ஆயுள் முழுவதும் காலால் பின்பிரேக்கை மட்டுமே மிதித்துப் பழகியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வண்டியின் மிகச் சிறந்த பகுதியை அவர்கள் உபயோகிக்காமலே விற்றுவிடுகிறார்கள்.

இந்த மூன்று பங்கு வேலையைச் செய்ய டிரம்முக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதையும் பார்த்துவிடுவோம். சக்கரத்தின் ஆரம் டயரோடு சேர்த்து 32 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்; 7 அங்குல டிரம்மின் ஆரமோ 9 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. தரையில் 138 கிலோகிராம் தடுப்பு விசை வேண்டுமென்றால், டிரம்மின் உட்சுவரில் ஏறத்தாழ 500 கிலோகிராம் எடைக்குச் சமமான உராய்வு விசை எழ வேண்டும். டிரம் 6 அங்குலமாக இருந்தால் அதுவே 590 ஆகும். இரண்டு விரல்களால் இழுக்கும் ஒரு பிடியிலிருந்து இந்தப் பிரம்மாண்டமான விசையை எப்படி வருவிப்பது என்பதே பிரேக் நிர்மாணிப்பவரின் பிரச்சினை.

ஷூவின் மேல் ஒட்டி டிரம்மில் உராயும் லைனிங்கின் பரப்பைக் கூட்டினால் பிரேக் அழுத்தமாகப் பிடிக்கும் என்று நினைப்பது இயல்பு. பட்டறைகளில் அகலமான ஷூவைப் பற்றி இந்த நம்பிக்கையோடு பேசுவதைக் கேட்கலாம். ஆனால் பிரெஞ்சு தேசத்து அமாந்தான் 1699-லேயே இதற்கு மாறான உண்மையை விஞ்ஞான சபையின் முன் வைத்தார்: உராய்வு விசை, அழுத்தும் விசையைப் பொறுத்ததே தவிர, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று. சபையினர் எளிதில் நம்பவில்லை. பளபளவென்று தோன்றும் இரண்டு பரப்புகளும் நுட்பமாகப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே இருக்கின்றன. அவை உண்மையில் தொட்டுக்கொள்வது மேடுகளின் சிகரங்களில் மட்டுமே. அழுத்தம் கூடக் கூட அந்தச் சிகரங்கள் நசுங்கித் தொடும் இடம் பெருகுகிறது. வெளித்தோற்றத்தில் பரப்பு அகலமா குறுகலா என்பது இந்தக் கணக்கில் சேருவதில்லை. இந்த விளக்கத்தைப் பௌடன், டேபர் என்ற விஞ்ஞானிகள் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார்கள். ஆகவே அகலமான லைனிங், அழுத்தும் விசை மாறாதவரையில், வண்டியை முன்னைவிடச் சீக்கிரமாக நிறுத்தாது. அது தரும் லாபம் வேறு: தேய்மானம் மெதுவாகும், வெப்பம் பரவலாகப் பகிர்ந்துகொள்ளப்படும். இவை அற்பமானவை அல்ல. ஆனால் கேட்ட பொருள் வேறு, கிடைத்த பொருள் வேறு.

அழுத்தும் விசையைக் கூட்டுவதற்கு நெம்புகோல் இருக்கிறது. பிரேக் பிளேட்டின் வெளியே, ஷூக்களை விரிக்கும் கேமின் தண்டில் மாட்டியிருக்கும் கையை நீளமாக்கினால் அழுத்தம் கூடும். ஆனால் பலத்தில் பெற்றதை நகர்ச்சியில் கொடுத்தாக வேண்டும் என்பது ஆர்க்கிமிடீஸ் காலத்து நியாயம். ஹாண்டில் பிடி கைப்பிடியைத் தொடுவதற்கு முன் அதற்கு உள்ள பயணமோ சில சென்டிமீட்டர்தான். அந்தப் பயணத்தில் ஒரு பகுதியை லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையே உள்ள சந்து விழுங்கிவிடுகிறது. மற்றொரு பகுதியைக் கேபிள் விழுங்குகிறது. எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்ற வேறொருவர் 1896-இல் உரிமை பதிவு செய்த இந்தக் கேபிள், உள்ளே இழுபடும் கம்பியும் வெளியே நசுங்கும் சுருள்குழாயும் கொண்ட எளிய ஜோடி; கம்பி நீள்வதையும் குழாய் குறுகுவதையும் நாம் பிடியில் ‘சவசவ’ என்ற உணர்ச்சியாக அறிகிறோம். பிரேக்கைப் புதுப்பிக்கிறேன் என்று புறப்படுகிறவர், நூறு ரூபாய் வித்தியாசத்தைப் பாராமல், கனத்த உறையுள்ள கேபிளை வாங்கி, கூர்மையான வளைவுகள் இல்லாதபடி அதை நடத்திச் சென்றாரானால், மற்ற மாற்றங்களில் பாதி தேவைப்படாமலே போகலாம்.

இனி, பிரேக் சாஸ்திரத்தில் மிகவும் ரசமான பகுதிக்கு வருவோம். டிரம்முக்குள் இரண்டு பிறைவடிவ ஷூக்கள் இருக்கின்றன. பழைய ஏற்பாட்டில் இரண்டும் ஒரு முனையில் ஒரே முளையில் தங்கியிருக்கும். மறுமுனைகளுக்கு நடுவே உள்ள கேம் திரும்பும்போது அவை விரிந்து டிரம்மை அழுத்தும். சக்கரம் ஒரு திசையில் சுழல்வதால் இந்த இரண்டு ஷூக்களின் நிலைமையும் ஒன்றன்று. ஒன்றில், கேம் தள்ளும் முனையிலிருந்து முளையை நோக்கி டிரம் ஓடுகிறது; மற்றொன்றில், முளையிலிருந்து கேமை நோக்கி ஓடுகிறது. கைத்தடியை முன்னால் சாய்த்து ஊன்றித் தரையோடு தள்ளிக்கொண்டு நடந்தால் அது மண்ணில் குத்திக்கொண்டு நம்மைத் தடுக்கிறது. அதே தடியைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடந்தால் துள்ளித் துள்ளி வழுக்கிவருகிறது. டிரம்முக்குள் நடப்பதும் இதுவே. முதல் ஷூவை, டிரம்மின் உராய்வே மேலும் வெளிநோக்கி இழுத்து அழுத்துகிறது. இரண்டாவதை அதே உராய்வு உள்நோக்கித் தள்ளி விலக்குகிறது. முதலாவதை லீடிங் ஷூ என்றும் இரண்டாவதை டிரெய்லிங் ஷூ என்றும் பட்டறையில் சொல்வார்கள்.

எவ்வளவு வித்தியாசம்? லைனிங்கின் உராய்வுக் குணகம் 0.35 என்றும், ஷூவின் அமைப்பு சாதாரணமானதென்றும் கொண்டால், உராய்வு இல்லாதபோது 100 பங்காக இருந்திருக்கக்கூடிய அழுத்தம் லீடிங் ஷூவில் 172 ஆகிறது. டிரெய்லிங் ஷூவில் 70 ஆகச் சுருங்குகிறது. ஒரே விசையால் தள்ளப்பட்ட இரண்டு சகோதரர்களில் ஒருவன் மற்றவனைப்போல் இரண்டரை மடங்கு உழைக்கிறான். ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய பிரேக்கில் கேமின் தண்டு பிளேட்டில் அசையாமல் பதிந்திருந்தால், அது இரண்டு ஷூக்களையும் ஒரே விசையால் தள்ளுவதில்லை. ஒரே தூரம் தள்ளுகிறது. அதிகமாக உழைக்கும் லீடிங் ஷூ முதலில் வேகமாகத் தேய்கிறது. தேய்ந்ததும் டிரம்மிலிருந்து சற்று விலகிவிடுகிறது. கேமின் விசையில் பெரும்பங்கு சோம்பேறியான டிரெய்லிங் ஷூவுக்கே போய்ச் சேருகிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடி எல்லாம் படிந்த பிறகு பார்த்தால் இரண்டும் சம அளவில் உழைக்கின்றன. ஆனால் லீடிங் ஷூவின் இயற்கைச் சாமர்த்தியம் முழுவதும் வீணாகிவிட்டது. இதைத் தவிர்க்க எண்ணிய சில பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் கேமின் இருக்கையைச் சற்றே நகர விட்டு, இரண்டு ஷூக்களுக்கும் சம விசை கிடைக்கும்படி செய்து பார்த்தன.

இரட்டை லீடிங் பிரேக் இந்த விஷயத்தை வேரோடு தீர்த்துவிடுகிறது. அதில் கேம்கள் இரண்டு; ஒவ்வொரு ஷூவுக்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் தனித்தனிக் கேம்; வெளியே இரண்டு கைகளையும் இணைக்கும் ஒரு சிறு கம்பி. இரண்டு ஷூக்களுமே டிரம்மின் ஓட்டத்தை எதிர்கொள்வதால் இரண்டுக்கும் உராய்வின் உதவி கிடைக்கிறது. மேலே சொன்ன கணக்கின்படி, அசையாக் கேமுள்ள பழைய பிரேக் 100 தந்த இடத்தில் இது 172 தருகிறது: அதே கை, அதே கேபிள், அதே டிரம். 1960-களில் பெரிய பிரிட்டிஷ் வண்டிகளும் ஜப்பானிய வண்டிகளும் இந்த ஏற்பாட்டை மேற்கொண்டதற்குக் காரணம் இதுவே. பந்தயக்காரர்கள் இதையும் இரட்டித்து நான்கு லீடிங் ஷூ வரையில் போனார்கள்.

ஆனால் உராய்வின் உதவியை நம்பி வாழ்கிறவர்கள் உராய்வின் சபலத்துக்கும் ஆளாக வேண்டும். மழைக்கால விடியற்காலையில் ஈரக்கசிவால் லைனிங்கின் குணகம் 0.35-இலிருந்து 0.45-க்கு உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய ஒற்றை லீடிங் பிரேக்கின் பலம் ஏறத்தாழ அதே விகிதத்தில், அதாவது நூற்றுக்கு 29 பங்கு கூடும். இரட்டை லீடிங்கிலோ குணகமும் கூடுகிறது, அது வருவிக்கும் சுய அழுத்தமும் கூடுகிறது. இரண்டும் பெருக்கிக்கொண்டு பலம் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. தெருமுனையில் முதல் முறை பிடிக்கையில் சக்கரம் திடுக்கிட்டு நிற்பது இதனால்தான். மாறாக, வெப்பத்தால் குணகம் 0.25-க்குத் தாழ்ந்தால் பழைய பிரேக் இழப்பது 29 பங்கு. புதியது இழப்பது 41 பங்கு. பழைய ஒற்றை லீடிங்கைக் கையாலாகாதது என்று இகழ்கிறவர்கள் அதன் நிதானத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. இன்னும் ஒன்று: மேட்டில் நின்று வண்டி பின்னோக்கி உருள முயன்றால் சுழற்சியின் திசை மாறிவிடுகிறது, இரண்டு லீடிங் ஷூக்களும் அந்தக் கணத்திலேயே இரண்டு டிரெய்லிங் ஷூக்களாகிவிடுகின்றன. மேம்பாலத்தின் ஏற்றத்தில் விளக்குக்காக நிற்கும்போது முன்பிரேக்கை மட்டும் பிடித்திருப்பவர் மெல்லப் பின்னால் வழுக்குவதைக் கண்டு ஷூ தேய்ந்துவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டியதில்லை. பின்பிரேக்கை மிதித்தால் போதும்.

இந்தச் சாஸ்திரம் முழுவதும் டிரம் உண்மையான வட்டம் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. பழைய வண்டிகளில் அது வட்டமாக இருப்பது அபூர்வம். புதிய ரிம்மைக் கட்டி ஸ்போக்குகளை முறுக்கும்போது அவை ஹப்பைப் பல பக்கங்களிலும் இழுக்கின்றன. இழுப்பு சமமாக இல்லாவிட்டால் டிரம் நீள்வட்டமாகிவிடுகிறது. ஆகவே டிரம்மைத் தனியாகக் கடைந்துகொண்டு வந்து பிறகு ஸ்போக் கட்டுவது பணத்தையும் உழைப்பையும் வீணாக்கும் வழி. முதலில் ஸ்போக் கட்டிக் கோட்டம் எடுத்து முடித்து, ரிம்மோடு கூடிய முழுச் சக்கரத்தையும், அதன் பேரிங்குகள் இருக்கும் இடத்தையே ஆதாரமாகக் கொண்ட ஓர் அச்சில் செருகி, அவ்வளவு பெரிய வட்டம் சுழல இடமுள்ள லேத்தில் ஏற்ற வேண்டும். எல்லாக் கடைசல் பட்டறையிலும் அத்தகைய லேத் இராது. தேடிப் போவது வீணன்று. சக்கரம் மெதுவாகச் சுழல, உளியை மயிரிழை அளவு முன்னேற்றும்போது, டர்னரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும்: உளி முதலில் டிரம்மின் இரண்டு எதிர்ப்பக்கங்களை மட்டும் தொட்டுப் பளிச்சென்ற இரண்டு வெள்ளித் திட்டுகளை உண்டாக்கும், நடுவில் பழுப்பேறிய பழைய இரும்பு அப்படியே இருக்கும், ‘கிர்… கிர்…’ என்று விட்டு விட்டுக் கேட்ட சப்தம், மேலும் ஓரிரு சுற்றுகளில் திட்டுகள் விரிந்து ஒன்றோடொன்று கைகோத்ததும், ஒரே சீரான இரைச்சலாக மாறும். அந்த இரைச்சல் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். டிரம்மின் சுவர் எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளும் என்பதால், அதற்கு மேல் கடைவது பிரேக்கின் ஆயுளைக் கடைவதாகும்.

டிரம் பெரிதாகிவிட்டதால் கடையில் வாங்கிய ஷூ இனி அதன் வளைவோடு பொருந்தாது. நடுவில் மட்டும் தொடும். கனத்த லைனிங் ஒட்டிய ஷூக்களைப் பிரேக் பிளேட்டிலேயே மாட்டி, கேம்களைச் சற்று விரித்து நிறுத்தி, அந்தப் பிளேட்டையே லேத்தில் சுழற்றி, லைனிங்கின் வெளிப்புறத்தை டிரம்மின் விட்டத்துக்குக் கால் மில்லிமீட்டர் குறைவாகக் கடைந்துகொள்வது முறை. ஓட்டத்தை எதிர்கொள்ளும் முனையை மட்டும் ராவிச் சரிவாக்கிவிட்டால் சடக்கென்று கவ்வாது. பழைய லைனிங்கைப் பெயர்க்கும்போது எச்சரிக்கை அவசியம்: 1897-இல் டெர்பிஷையரில் வண்டிச் சக்கரங்களுக்குப் பிரேக் கட்டை செய்யத் தொடங்கி ஃபெரோடோ கம்பெனியை ஸ்தாபித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் முதலானோர் கையாண்டு பரவிய கல்நார், நெருப்புக்கு அஞ்சாத அற்புதப் பொருளாகக் கருதப்பட்டது, அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் புகுந்து பல ஆண்டுகளுக்குப் பின் கொடிய நோய்களை உண்டாக்குகின்றன என்பது தெரிந்து, பிரிட்டன் 1999-இல் அதை அடியோடு தடைசெய்தது. பழைய டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றுக்குழாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கட்டி அப்புறப்படுத்திவிட வேண்டும்.

இரட்டை லீடிங் பிளேட்டை மாட்டியபின், இணைப்புக் கம்பியைச் சரியான நீளத்துக்கு அமைப்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. கம்பியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கையையும் தனித்தனியே திருப்பி, ஷூ டிரம்மைத் தொடும் இடத்தை உணர்ந்து, இரண்டும் அந்த நிலையில் இருக்கும்போதே கம்பியின் துளை முளையில் தானாக விழும்படி அதன் திருகைச் சரிசெய்ய வேண்டும். இழுத்துப் பிடித்துத் திணித்து மாட்டினால் ஒரு ஷூ மட்டும் உழைக்கும். இரட்டை லீடிங் என்பது பெயரளவில் நின்றுவிடும். பிரேக் பிடித்த நிலையில் கைக்கும் கேபிளுக்கும் இடையே செங்கோணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோணம் 90 பாகையாக இருக்கையில் இழுப்பு முழுவதும் பயன்படும். 120 ஆனால் நூற்றுக்கு 13 பங்கு வீணாகும், அதற்கு மேல் சரிவு இன்னும் விரைவு. பிளேட்டைத் தடுத்து நிறுத்தும் முளையும் ஃபோர்க் குழாயிலுள்ள அதன் பிடிப்பும் இப்போது முன்னைவிட ஒன்றேமுக்கால் மடங்கு முறுக்குவிசையைத் தாங்க வேண்டியவை என்பதை மறக்கலாகாது. அது தளர்ந்து விட்டுக்கொடுத்தால் பிளேட்டே சக்கரத்தோடு சுழன்று கேபிளைச் சுருட்டிக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் டிரம் பிரேக்குக்கு ஒரு பரம விரோதி உண்டு, அது வெப்பம். நாம் முதலில் கணக்கிட்ட 62,000 ஜூலில் முன்சக்கரத்தின் பங்கு டிரம்மின் இரும்பை, அது இரண்டு கிலோகிராம் இருக்குமானால், ஒரே நிறுத்தத்தில் 50 பாகைக்கு மேல் சூடேற்றும். சமவெளியில் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் காற்று அதைக் கொண்டுபோய்விடும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதோ வேறு விஷயம். அந்த மலைப்பாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் தாழ்கிறது. நம் 250 கிலோகிராம் பாரம் அதில் இழக்கும் சக்தி, 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சுமார் 60 முறை நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினை இரண்டாவது கியரில் போட்டு அதன் எதிர்ப்பையும் துணைக்கொள்ளாமல், பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவரின் டிரம் 200 பாகை சூடேறினால், 178 மில்லிமீட்டர் விட்டம் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் விரிந்து, ஷூக்களை விட்டு விலகி ஓடுகிறது. பிடி கைப்பிடியை நெருங்குகிறது. இன்னும் சூடேறி 300 பாகையை எட்டும்போது லைனிங்கைப் பிணைத்திருக்கும் பிசின் சிதைந்து வாயுவாகி, பரப்புகளுக்கு இடையே புகுந்து குணகத்தைத் தாழ்த்துகிறது. இரட்டை லீடிங் அப்போதுதான் தன் குறையைக் காட்டும்.

டிஸ்க் பிரேக்கின் மேன்மை அதன் பலத்தில் இல்லை; இந்த இடத்தில்தான் இருக்கிறது. லான்செஸ்டர் 1902-லேயே அதற்கு உரிமை பதிவு செய்திருந்தார். 1953-இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் அதனால் வெற்றி பெற்றது. 1969-இல் ஹோண்டாவின் சி.பி.750 அதைப் பெருவாரியாக விற்கும் மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. தட்டு திறந்த வெளியில் சுழல்வதால் இருபுறமும் காற்று படுகிறது. அது சூடேறினால் கனத்தில் விரிகிறது. 5 மில்லிமீட்டர் கனம் 200 பாகையில் விரிவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான், அதுவும் தட்டை இருபுறமும் கவ்வும் பேடுகளை நோக்கி. சுய அழுத்தம் என்பதே இல்லாததால் குணகம் 29 பங்கு மாறினால் பலமும் 29 பங்கே மாறும். அந்தச் சுய அழுத்தம் இல்லாத குறையைத் தீர்க்கவே பாஸ்கல் விதி வேண்டியிருக்கிறது: சிறிய பிஸ்டனை விரலால் தள்ளி, பெரிய பிஸ்டனில் பன்மடங்கு விசையைப் பெறுகிறோம்.

ஆகையால் பழைய புல்லட்டுக்கு டிஸ்க் மாட்டலாமா? மலைநாட்டில் குடியிருந்து, தினமும் இறங்கி ஏறுகிறவர் தாராளமாக மாட்டட்டும்; ஆனால் ஹப், ஃபோர்க்கின் கீழ்க்குழாய், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் அனைத்தையும் பிந்திய மாதிரியிலிருந்து முழுத் தொகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய கீழ்க்குழாயில் ஒரு காதைப் பற்றவைத்துக் காலிப்பரைத் தொங்கவிடும் வித்தையை நான் அறவே வெறுக்கிறேன். பற்றவைக்கும் உஷ்ணம் உலோகத்தின் உரத்தை மாற்றிவிடுகிறது, அந்தக் காது தாங்க வேண்டிய விசையோ நூற்றுக்கணக்கான கிலோகிராம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் மலையிறக்கத்தில் அந்த நீர் கொதித்து ஆவியாகி, பிடி வெற்றாக உள்ளே போய்விடும். சமவெளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறவருக்கு, சரியாகக் கடையப்பட்ட 7 அங்குல இரட்டை லீடிங் டிரம்மே போதுமானது. பழைய 3.25 அங்குல டயர் தரையில் எவ்வளவு பிடிக்குமோ அந்த எல்லை வரை அது வண்டியை நிறுத்திவிடும். அந்த எல்லையைத் தாண்டி எந்த டிஸ்க்கும் ஒரு முழம்கூட முன்னால் நிறுத்தாது.

புதிய லைனிங் முதல் நாளிலேயே முழுப் பலத்தையும் காட்டாது. லேத்தின் உளி விட்டுச்சென்ற நுண்வரிகள் தேய்ந்து இரண்டு பரப்புகளும் ஒன்றுக்கொன்று படியும் வரை, மிதமான வேகத்திலிருந்து மெதுவாகப் பிடித்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்ட வேண்டும். இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், ஷூக்களில் தொட்ட இடங்கள் கருமையாகப் பளபளக்கும். ஒன்றில் முக்கால் பாகமும் மற்றொன்றில் கால் பாகமும் பளபளத்தால் இணைப்புக் கம்பியின் நீளம் தவறு என்று அர்த்தம். லைனிங் தேயத் தேயக் கைகள் மேலும் மேலும் திரும்பிச் செங்கோணத்தைத் தாண்டிப் போகும். அப்போது சிலர் கையைக் கழற்றி, கேம் தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டிக் கோணத்தைச் சரிசெய்துவிட்டதாகத் திருப்தி அடைவார்கள். கை பழைய இடத்துக்கு வந்துவிடும். உள்ளே கேம் மட்டும் ஏற்கெனவே திரும்பியது போதாதென்று இன்னும் திரும்பி நிமிர்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் அவசரமாகப் பிடிக்கையில் அது முற்றிலும் புரண்டு, ஷூக்களை விரித்தபடியே சிக்கிக்கொள்ளும். கோணம் மிஞ்சிவிட்டால் ஷூவைத்தான் மாற்ற வேண்டும்.